பத்தி என்னுஞ் சொல்லும் அயரா அன்பும்

சைவநன்மக்கள் நாவில் நாடோறும் வழங்குஞ் சொற்களுள் பத்தி என்பது ஒன்று. அதனை அறியாதார் இலர். ஆயினும், அதன் பொருள் யாது, அஃது எங்கிருந்து வந்தது என்று வினவுவார்க்கு ஒருபடித்தான விடை கிடைப்பதில்லை. இதுபற்றி மூவகைக் கொள்கைகள் அறிஞரிடையே வழங்குகின்றன. பத்தி என்பது பற்று என்னுந் தமிழ்ச்சொல்லின் திரிபே என்பர் ஒருசாரார். அது வடசொல்லே, ஆகலின் அச்சொல்லாற் குறிக்கப்படும் நெறியும் வடக்கினின்று வந்ததே, அன்பு என்பது உலகியற் காதலைக் குறிப்பதன்றிச் சாத்திரச்சொல் ஆகாது என்பர் மற்றொரு சாரார். வடசொல்லாகலின் அது தமிழ்ச்சைவர்க்கு வேண்டுவதன்று. அதனை அறவே விலக்கி அன்பு என்பதொன்றனையே ஆளல்வேண்டும் என்பர் பிறிதொரு சாரார்.

தம்முள் மாறுபட்ட இம்மூவரும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றனர். ஒரு சொல்லின் பிறப்பிடத்தை அறிந்தால் அச்சொல்லாற் குறிக்கப்படும் பொருளின் பிறப்பிடத்தையும் அறிந்துவிட்டோம் என்று கொள்வதே அவ்விடம். சொல்லாராய்ச்சி வேண்டாததன்று, ஆயின் அஃது எதுகாறுஞ் செல்லும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையை முதற்கண் வரையறுத்துப் பின்னர்ச் சிவஞானபோதத்தின் 11, 12ஆஞ் சூத்திரங்களில் இப்பொருள் எவ்வாறு முடிவுபெறுகின்றது என்று காட்டுதலே இக்கட்டுரையின் கருத்தாம்.

சொல்லின் வடிவு

வடசொற்கள் தமிழில் வந்து வழங்குங்கால் வடவெழுத்தை ஒழித்துத் தமிழெழுத்தொடு பொருந்தி நிற்கும் என்பது தொல்காப்பிய எச்சவியலிற் கூறப்பட்டது. நன்னூலார் பதவியலின் இறுதியில் வடமொழியாக்கத்தை விரித்துரைத்தனர். இம்முறையில், வடமொழியிற் ககரமெய்யுந் தகரமும் இணைந்து நிற்குஞ் சொற்கள் தமிழிற் புகுங்கால் தகரம் இரட்டித்து வருதலை ஓர் ஒழுங்காகவே காண்கின்றோம். சக்தி சத்தி எனவும், முக்தி முத்தி எனவும், யுக்தி உத்தி எனவும், ரக்தம் இரத்தம் எனவும் வருமாறு போலப் பக்தி பத்தி எனவும், பக்தர் பத்தர் எனவும் வந்தன. இவ்விரட்டித்தல் தமிழில் மட்டும் நிகழ்வதன்று. பாளி முதலிய பழைய பிராகிருத மொழிகளிலும் இச்சொற்கள் தகரம் இரட்டித்தே வழங்கும். ஆகவே பத்தி என்பது தன் இனத்தோடு கூடி வந்த சொல். அதனைத் தனியே பிரித்தெடுத்து அதற்கு மட்டும் வேறொரு பிறப்புக் கூறுதல் பொருந்தாது. சத்தியும் முத்தியும் எவ்வழி வந்தனவோ பத்தியும் அவ்வழியே வந்தது என்க.

அற்றேல், பற்று என்பது பேச்சுவழக்கிற் பத்து எனத் திரிதல் கண்கூடன்றோ எனின், அது கண்கூடே. காற்றைக் காத்து என்பாரும் நெற்றியை நெத்தி என்பாரும் உளர். ஆயின் இத்திரிபு பேச்சில் நிகழ்வது. செய்யுள் வழக்கிற் பொதுவிதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டதன்று. இதனைத் துணிதற்கு நம்பியாரூரர் திருவாக்கே போதும். திருத்தொண்டத்தொகையிற் பத்தர் என்னுஞ் சொல்லைச் சித்தம் என்னுஞ் சொல்லோடு எதுகையாக அவர் அமைத்தனர். திருப்பாண்டிக்கொடுமுடித் திருப்பதிகத்தின் முதற்பாடலிலோ, பற்று என்னுஞ் சொல்லை ஆண்டு, அப்பாடல் முழுதும் றகரவொற்றெதுகையே வரத் தொடுத்தனர். ஒரே ஆசிரியர் இரு சொல்லையும் ஆண்டிருக்கின்றார். ஒன்று தகர இனத்தோடும் மற்றொன்று றகர இனத்தோடும் நிற்கின்றது. அவர் செவிக்கு இவ்விரண்டும் வேறு வேறு சொற்களாகவே பட்டன என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

வடிவொத்தல் பிறப்பொத்தலுக்குச் சான்றாகாது என்பதற்குப் பத்தி என்னும் வடிவமே நல்லதோர் எடுத்துக்காட்டு. வரிசை என்னும் பொருளிற் பத்தி என ஒரு சொல் உண்டு. அது பங்க்தி என்பதன் திரிபு. ஊதுபத்தி என்பதிலுள்ள பத்தியோ வர்த்தி என்னும் வடசொல் பிராகிருதத்தில் வத்தி எனத் திரிந்து, இந்துஸ்தானி வழியாக வந்தது. திருமுன்னர் அடியார்கள் பத்தி பத்தியாக நின்று பத்தியோடு ஊதுபத்தி ஏற்றுவார்களாயின், அவ்வொரு வாக்கியத்தில் மூன்று வேறு சொற்கள் ஓருருவிற் கூடியிருக்கின்றன. ஒலியொப்புமை ஒன்றனையே பற்றிச் சொற்பிறப்புக் கூறுவார் இம்மூன்றனையும் ஒன்றென்றல்லவா கூறல்வேண்டும்?

பகுதியின் பொருள்

இனி, பக்தி என்பதன் பகுதி பஜ் என்பதாம். இதற்குச் சேவித்தல் என்று பொருள் கூறும் தாதுபாடம். ஆயின் வேதவழக்கை நோக்குவார்க்கு, அதனினும் பழையதொரு பொருள் புலனாகும். பகுத்தல், பங்கிட்டளித்தல், பங்கினைப் பெறுதல், பெற்றதனை நுகர்தல் என்பனவே அப்பொருள். இப்பகுதியினின்று கிளைத்த சொற்கள் பல தமிழ்மக்கள் வாயிலும் வழங்குகின்றன. பாகம் என்பது பங்கு. பாக்கியம் என்பது ஒருவற்குப் பங்காக வாய்த்த பேறு. வடமொழி இலக்கணத்தார் வேற்றுமையை விபக்தி என்பதும் இப்பகுதியினின்று வந்ததே. பக்தம் என்பது சமைத்த சோறு. ஒவ்வொருவர்க்கும் பங்கிட்டு அளிக்கப்படுவதாகலின் அப்பெயர் பெற்றது. வங்காளரும் மராட்டியரும் இன்றுஞ் சோற்றைப் பாத் என்பது அதன் திரிபே. பகன் என்பான் பங்களிக்குந் தெய்வம். பகவன் என்பான் பேறுகள் யாவும் உடையவன். உடைய முதல்வனைக் குறிக்கும் பகவன் என்னுஞ் சொல்லும், அவனுக்கு உரியனாகிய அடியவனைக் குறிக்கும் பக்தன் என்னுஞ் சொல்லும் ஒரு பகுதியினின்றே பிறந்தன என்பது சிந்திக்கத்தக்கது.

பஜ் என்பதுதானுந் தமிழிலுள்ள பகு என்பதன் திரிபே என்று கூறுவாரும் உளர். பகு, பகல், பகுப்பு, பாதி, பாத்தூண் என்று தமிழிலும் ஒரு பெருங்குடும்பம் இருத்தலானும், பொருளும் நெருங்கி ஒத்தலானும் இவ்வெண்ணம் எழுதல் இயல்பே. ஆயின் பஜ் என்பதன் உடன்பிறப்புக்கள் வடமொழியோடு ஓரினமாகிய பாரசீக மொழிகளிலும் உள. கி.மு. 522 முதல் 486 வரை பாரசீகத்தை ஆண்ட முதலாந் தரியசு மன்னன் பெகிஸ்தூன் மலையிற் பொறித்த கல்வெட்டிற் கடவுளைப் பக என்றே கூறுகின்றான். பாரசீகத்தில் நல்லூழினைப் பக்த் என்பதும் இவ்வினத்ததே. ஆகவே பஜ் என்பது வடமொழி தென்மொழியோடு கலத்தற்கு முன்னரே அவ்வினத்தார் மொழியில் இருந்த சொல் என்று கொள்ளல்வேண்டும். பகு என்பதோடு அது கொண்ட ஒப்புமை பொருளொப்புமையே, உறவன்று.

இதனால், முதற்சாரார் கூற்று வடிவானும் வரலாற்றானும் நில்லாமை பெற்றாம். பத்தி வடசொல்லே. ஆயின் இஃதொன்றனையே பற்றி இரண்டாஞ் சாரார் மகிழ்தற்கும் மூன்றாஞ் சாரார் வெகுளுதற்கும் இடமில்லை. அது மேல் விளக்கப்படும்.

சொல் உயர்ந்தவாறு

பக்தி என்னுஞ் சொல் பிறந்தபொழுதே இறைவன்பால் நிகழும் பேரன்பைக் குறித்துப் பிறந்ததன்று. பாணினி முனிவர் தமது வியாகரணத்தின் நான்காம் அத்தியாயத்திற் பக்தி என்பதற்கு ஓர் அதிகாரம் வகுத்தனர். ஒருவன் எதன்பால் ஈடுபாடுடையனோ அதனாற் பெயர்பெறுமாறு அங்கே கூறப்படுகின்றது. வாசுதேவன்பால் ஈடுபட்டோன் பெயரும் அங்கே உண்டு; அரசன்பால் ஈடுபட்டோன் பெயரும் உண்டு; அப்பத்தின்பால் ஈடுபட்டோன் பெயரையும் உரையாசிரியர் எடுத்துக்காட்டாகத் தந்தனர். அப்பத்தை விரும்புதலும் ஆண்டவனை விரும்புதலும் ஒரு சொல்லால் வழங்கிய காலம் அது. எனவே வேர்ப்பொருளை மட்டும் நோக்கிப் பக்தி என்பது இயல்பிலேயே தெய்வத்தன்மை வாய்ந்த சொல், அன்பு என்பது இயல்பிலேயே உலகியற்சொல் என்று கூறுதல் பிழை. இரண்டும் உலகியலினின்றே எழுந்தன.

அச்சொல் உயர்ந்தவாற்றைக் காட்டும் பழைய சான்றுகளுட் சைவர் போற்றத்தக்கன இரண்டு. ஒன்று சுவேதாசுவதர உபநிடதம். உருத்திரனையே முழுமுதலாகக் கூறும் அவ்வுபநிடதத்தின் முடிவில், தேவனிடத்தும் அங்ஙனமே குருவினிடத்தும் மேலான பக்தியுடையார்க்கே உபதேசித்த பொருள்கள் விளங்கும் என்று கூறப்பட்டது. மற்றொன்று கி.மு. 2ஆம் நூற்றாண்டினராகக் கொள்ளப்படும் பதஞ்சலியார் மாபாடியம். அதன்கண் சிவபாகவதர் என்று ஒரு கூட்டத்தார் குறிக்கப்படுகின்றனர். பகவன், பாகவதர், பக்தி என்னும் இச்சொற்றொகுதி திருமாலடியார்க்கே சிறப்பாக உரியது என்று கருதுவார் இவ்விரண்டனையும் நினைவிற் கொள்வாராக.

பிற்காலத்தே பக்தியின் இலக்கணங் கூறவந்த சாண்டிலிய சூத்திரம் ஈசுவரனிடத்து மேலான அனுரக்தியே பக்தி என்றது. நாரதர் பெயரால் வழங்குஞ் சூத்திரம் மேலான பிரேமமே அதன் வடிவம் என்றது. அனுரக்தி, பிரேமம் என்பன தமிழில் அன்பு என்பதற்கு நேரானவை. சேவித்தல், பங்குபெறுதல் என்னும் பகுதிப்பொருளைக்கொண்டு அவ்வாசிரியர்கள் தம் இலக்கணத்தை முடித்தாரல்லர். பக்தி யாது என்று வடமொழியாசிரியரையே கேட்பினும் அஃது அன்பு என்றே விடை வருகின்றது. அங்ஙனமாக, அன்பு சாத்திரச்சொல் ஆகாது என்பது எவ்வாறு பொருந்தும்?

நெறி வடக்கினின்று வந்தது என்பார்க்கும் ஒரு சொல். பதும புராணத்தைச் சார்ந்ததாக வழங்கும் பாகவத மான்மியத்திற் பக்தி ஒரு பெண்ணுருக்கொண்டு தன் வரலாறு கூறுகின்றாள். திராவிடத்தில் தான் பிறந்ததாகவும், கருநாடகத்தில் வளர்ந்ததாகவும், மகாராட்டிரத்திற் சிற்சில இடங்களிற் சிறப்புற்றதாகவும், கூர்ச்சரத்தில் மூப்பெய்தியதாகவும் அவள் கூறுகின்றாள். சொல் வடக்கினின்று தெற்கே வந்தது. அச்சொல்லுக்கு உயிராய பொருள் தெற்கினின்று வடக்கே சென்றது என்று வடநூலே ஒப்புகின்றது.

அன்பும் ஆட்படுதலும்

இனித் தமிழ்மரபை நோக்குவாம். தொல்காப்பியக் களவியலின் முதற்சூத்திரம் ஐந்திணையொழுக்கத்தை அன்பொடு சார்த்தியே கூறும். தலைவனுந் தலைவியுந் தம்முட் கூடுதற்கு ஏதுவாவது அன்பு. திருவள்ளுவனார் அதனை இல்லறவியலில் வைத்து எட்டாம் அதிகாரமாக விரித்தனர். திருக்குறளிற் பத்தி என்னுஞ் சொல் இல்லை. ஆயினும் 72ஆங் குறளிற் கூறப்பட்ட கருத்து நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. அன்பிலார் எல்லாவற்றையுந் தமக்கே உரியவாகக் கொள்வர். அன்புடையாரோ தம் உடம்பின் என்பினையும் பிறர்க்கு உரியதாக்குவர் என்பது அதன் கருத்து. இங்கே அன்பின் அடையாளமாகக் காட்டப்பட்டது உரிமை. யார் எவர்க்கு உரியர் என்பதே கேள்வி. தன்னைத் தனக்கே உரியனாகக் கொள்வது அன்பின்மை. தன்னைப் பிறர்க்கு உரியனாக்குவது அன்பு.

இப்பொழுது பஜ் என்னும் பகுதியின் பொருளை மீண்டும் நோக்குக. பங்கிடுங்கால் ஒரு பொருள் இன்னாருக்கு என்று உரிமையாகின்றது. எனவே பக்தன் என்பான் இன்னாருக்கு உரியன் என்று வகுக்கப்பட்டவன். இரு சொற்களும் இருவேறு நிலத்திற் பிறந்து, இருவேறு வழியில் வளர்ந்து, உரிமை என்னும் ஓரிடத்தில் வந்து கூடுகின்றன.

பற்று என்னுஞ் சொல்லோ இவற்றின் வேறாயது. அதன் இயல்பு பொருளைத் தன்பால் இழுத்துப் பிடித்தல். யான், எனது என்னுஞ் செருக்கின் கை அது. திருவள்ளுவனார் துறவதிகாரத்தின் இறுதிக்குறளிற் பற்றற்றவனாகிய இறைவனது பற்றினைப் பற்றுக என்று பணித்தாரன்றோ எனின், பணித்தார். ஆயின் எதன் பொருட்டு என்பதனை அக்குறளே கூறுகின்றது. ஏனைப் பற்றுக்களை விடுதற்பொருட்டே அப்பற்று. நம்பியாரூரரும் வேறு பற்று ஒன்றில்லாத நிலையையே இறைவன்முன் எடுத்துரைத்தனர். எனவே பற்று நற்பொருளில் வருங்கால் அதனை நல்லதாக்குவது பற்றப்படும் பொருளேயன்றிப் பற்றுதல் என்னுந் தொழிலன்று. பத்தியைப் பற்றென்று கூறுவார் எழுத்திலக்கணத்தோடு பொருளிலக்கணத்தையும் இழக்கின்றனர். பற்றில் யான் கொள்பவன். பத்தியில் யான் கொள்ளப்படும் பொருள்.

ஈண்டு ஓர் ஐயம் எழும். அடியவன் இறைவனது பங்கு என்று கூறின், ஆன்மா சிவத்தின் ஒரு கூறு என்று முடியாதோ? முடியின் அது சித்தாந்தத்துக்கு மாறாகுமே எனின், ஆகாது. என்னை? பங்கு என்பது கூறு என்னும் பொருளிலும் வரும். உடைமை என்னும் பொருளிலும் வரும். உடன்பிறந்தார் இருவர் தந்தையின் நிலத்தைப் பங்கிடுங்கால் மூத்தவன் பங்கிற்கு விழுந்த வயல் அவனுடைய உடைமையாகின்றதேயன்றி அவன் உடம்பின் ஓர் உறுப்பாவதில்லை. உயிர் இறைவனுக்குப் பங்காதலும் இவ்வாறே. பதி உடையான், பசு அவன் உடைமை. உடையானும் உடைமையும் பிரிப்பின்றி நிற்பினும் ஒரு பொருளாதல் இல்லை.

இவ்வுடைமைத்தன்மையைத் தமிழ்ச்சைவம் அடிமை, ஆள், தொண்டு என்னுஞ் சொற்களால் மேலும் தெளிவாக்கிற்று. திருவெண்ணெய்நல்லூரில் இறைவன் முதிய வேதியராய் வந்து, ஆளோலை காட்டி நம்பியாரூரரை வழக்கிட்டு வென்ற வரலாறு யாவரும் அறிந்தது. அவ்வழக்கில் ஆராயப்பட்டது நம்பியாரூரர் இறைவனை விரும்பினாரா என்பதன்று. அவர் எவர்க்கு உரியர் என்பது. விருப்பம் ஓலைக்குப் பின்னர் வந்தது. உரிமை முன்னரே இருந்தது; மணக்கோலங் கொண்டு நின்ற நம்பிகள் அதனை மறந்திருந்தனர், அவ்வளவே.

திருமுறைகளில் இரு சொற்கள்

அங்ஙனம் ஆட்கொள்ளப்பட்ட அப்பெருமான் பாடிய திருத்தொண்டத்தொகையிற் குறிக்கப்பட்ட தொகையடியார் ஒன்பதின்மருட் பத்தராய்ப் பணிவார் ஒரு கூட்டத்தினர். பத்தி வடசொல்லாகலின் விலக்கத்தக்கது என்பார், சைவத்தின் அடியார்வரிசையையே முதற்கண் திருத்த வேண்டியவராவர். அதனை அவர் விரும்பாரென்றே எண்ணுகின்றோம். மாணிக்கவாசக சுவாமிகள் இறைவனைப் பத்தி என்னும் வலையில் அகப்படுவோனாகத் திருவண்டப்பகுதியிற் கூறினர். திருச்சதகத்துக்கு வழங்கும் பெயரும் பத்திவைராக்கிய விசித்திரம் என்பதே.

சேக்கிழார் சுவாமிகள், 12ஆம் நூற்றாண்டில், பத்தராய்ப் பணிவார்க்கு இலக்கணம் வகுத்தவாறு நோக்கத்தக்கது. அவர் பத்தி என்னுஞ் சொல்லுக்குப் பகுதி விகுதி காட்டவில்லை. பத்தர் செய்வன இவை என்று காட்டினர். எவராயினும் சிவனடியாரைக் கண்டால் அவர் மனமகிழ்வர். கன்று தன் தாயை அணைவதுபோல அவரை அணைவர். பணிந்த மொழியே பேசுவர். சிவபெருமானை வழிபட்டு உள்ளம் உருகுவர். இறைவனுக்கு உரியரானோர் அவ்விறைவனுக்கு உரிய பிறரைக் கண்டவிடத்து உறவு கொண்டாடுதல் இயல்பேயன்றோ? ஒருவனிடத்து அவன்பாலுள்ள பத்தியை அளக்க வேண்டுமாயின், திருக்கோயிலில் அவன் நிற்கும் நிலையினும், அடியார்முன் அவன் நிற்கும் நிலையே சிறந்த அளவுகோல் என்பது சேக்கிழார் கருத்தெனக் கொள்ளலாம்.

அதே சேக்கிழார் கண்ணப்ப நாயனார் புராணத்தில் அன்பு என்னுஞ் சொல்லையே பெரிதும் எடுத்தாண்டனர். சிவகோசரியார் ஆகமமுறை வழுவாது பூசித்தவர். அவரது வழிபாட்டிற் குற்றமில்லை. ஆயினும் அவர் கனவில் இறைவன் தோன்றி, வேடனது வடிவெல்லாந் தன்பால் வைத்த அன்பே என்று உணர்த்தினன். சேவித்தல் என்னும் பகுதிப்பொருள் மட்டுமே பத்தியின் முடிந்த பொருளாயின், முறையறிந்து சேவித்த சிவகோசரியார்க்கு மேல் ஒருவரைக் காட்ட வேண்டுவதில்லை. திருமூலர் அன்பினையுஞ் சிவத்தினையும் இரண்டென்பாரை அறிவிலார் என்று கடிந்ததும் இதுபற்றியே. திருமுறையாசிரியர்கள் பத்தி என்னுஞ் சொல்லை ஏற்றனர். ஏற்று அதனுள் அன்பை நிறைத்தனர்.

சிவஞானபோத முடிபு

இனி, நம் ஆராய்ச்சியின் முடிநிலையாகிய சிவஞானபோதத்தை அணுகுவாம். இரௌரவாகமத்தினதாக வழங்கும் பன்னிரு வடமொழிச் சூத்திரங்களும், 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் அருளிய பன்னிரு தமிழ்ச்சூத்திரங்களும் நம்பால் உள. தமிழ் வடமொழியின் மொழிபெயர்ப்பென்று சிவஞான முனிவர் கொண்டனர். தமிழே முதனூல் என்று பின்வந்த அறிஞர் பலர் வாதித்தனர். அவ்வழக்கை ஈண்டு எழுப்ப வேண்டுவதில்லை. எது முன்னாயினும் ஆகுக. இரண்டனையும் அருகருகே வைத்து நோக்கின் பத்திக்கும் அன்புக்கும் உள்ள உறவு பளிங்குபோல் விளங்கும்.

11ஆஞ் சூத்திரத்தில் வடமொழி கூறுவது இது: கண்களைக் காணச் செய்வது ஆன்மா, ஆன்மாவைக் காணச் செய்வது சிவம், ஆகலின் தனக்கு உபகாரியாகிய அச்சிவத்தினிடத்து மேலான பக்தியைச் செய்தல்வேண்டும். தமிழ்ச்சூத்திரமும் அவ்வுவமையையே எடுத்துக் கூறி, அன்பினால் அரன் திருவடியைச் சேரும் என்று முடிக்கின்றது. பக்தி என்று வடமொழி நிற்குமிடத்தில் அன்பு என்று தமிழ் நிற்கின்றது. அன்பு உலகியற்சொல் என்பார்க்கு மெய்கண்டார் தந்த விடை இதுவே.

ஆயின் வேறுபாடுகளும் உள, அவை சிறியனவல்ல. முதலாவது, அடைமொழி. வடமொழி பக்தியைப் பரா என்று சிறப்பித்தது. அஃது உயர்வைக் குறிப்பது. தமிழ் அன்பினை அயரா என்று சிறப்பித்தது. அயர்தல் மறத்தலுஞ் சோர்தலுமாகலின் அஃது இடையறாமையைக் குறிப்பது. உயர்ந்த உணர்ச்சி ஒருநாள் எழுந்து மறுநாள் அடங்கவுங் கூடும். அயராமை அத்தகையதன்று. மறந்திருந்த உயிர் இனி மறவாதிருத்தலே அன்பின் முதிர்ச்சி என்பது தமிழ்ச்சூத்திரத்தின் கருத்து.

இரண்டாவது, வினைமுற்று. வடமொழிச் சூத்திரஞ் செய்க என்று விதிக்கின்றது. தமிழோ திருவடியைச் சேரும் என்று பயன் கூறி முடிகின்றது. அன்பு செய்க என்று ஏவினால் அன்பு வருமோ? தாயை நேசி என்று எவருங் குழந்தைக்கு விதிப்பதில்லை. தாய் செய்த உதவியை அக்குழந்தை உணரின் அன்பு தானே பெருகும். உபகாரத்தை அறிவிப்பது நூலின் கடன். அறிந்தவழி அன்பு நிகழ்வது உயிரின் இயல்பு.

மூன்றாவது, இவற்றினுஞ் சிறந்தது. வடமொழிச் சூத்திரத்திற் சிவத்தின் செயலாகக் கூறப்பட்டது காட்டுதல் ஒன்றே. தமிழ்ச்சூத்திரமோ கண்டு காட்டுதல் என்று இரண்டாக விரித்தது. சித்தாந்த ஆசிரியர்கள் இதனைக் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று வகுத்து விளக்குவர். இறைவன் உயிர்க்குப் பொருளைக் காட்டிவிட்டு அகன்று நிற்பவனல்லன். உயிர் காணுங்கால் உடனிருந்து தானுங் காண்கின்றான். உயிரின் காட்சியிற் பங்குகொள்கின்றான் என்க. பஜ் என்னும் பகுதியிற் பொதிந்துகிடந்த பங்கு என்னும் பொருள், பக்தி என்னுஞ் சொல் இல்லாத தமிழ்ச்சூத்திரத்திலே முழுதும் மலர்ந்திருத்தல் வியப்பன்றோ! நாம் இறைவன் பங்காவதற்கு முன்னரே நம் அறிவில் இறைவன் பங்குகொண்டிருக்கின்றான். அவன் செய்ததற்கு நாம் செய்யும் கைம்மாறு அன்று அன்பு. அவன் உடனிருத்தலை மறவாமையே அன்பு.

12ஆஞ் சூத்திரத்தில் வடமொழி பஜ் என்னும் வினையையே ஆண்டு, நல்லோரை அடைந்து அவர்தம் வேடத்தையுஞ் சிவாலயத்தையும் வழிபடுக என்றது. அவ்வினைக்கு நேராகத் தமிழில் நிற்பது தொழுதல். வடமொழியில் நல்லோர் என்று பொருள்படும் சொல் நிற்க, தமிழில் அன்பர் என்னுஞ் சொல் நிற்றல் கருதற்பாலது. சீவன்முத்தன் கூடி வாழத்தக்க கூட்டத்தாரை மெய்கண்டார் நற்குணத்தாற் குறித்தாரல்லர், அன்பினாற் குறித்தனர். அதனோடு அமையாது, நேயம் மலிந்தவர் என்றுங் கூறினர். நேயம் என்பது ஸ்நேகம் என்னும் வடசொல்லின் திரிபாக அறிஞர் கொள்வது. ஒரு சூத்திரத்துள்ளே தென்சொல்லாகிய அன்பினையும் வடசொல்வழித்தாய நேயத்தையும் அடுத்தடுத்து வைத்து ஒரு பொருளை வற்புறுத்தினார் நம் ஆசிரியர். சொல்லின் ஊரும் பேரும் வினவி ஒன்றனை ஏற்று ஒன்றனைத் தள்ளும் வழக்கு அவர்பால் இல்லை.

முடிவுரை

மேற்கூறியவாற்றாற் பெறப்படுவன இவை. பத்தி பற்றினின்று பிறந்ததன்று, அது வடசொல். வடசொல்லாயினும் அதன் நிறைந்த பொருளை அதற்குத் தந்தது அன்பு. அன்பு தென்சொல், தென்சொல்லாயினும் சாத்திரத்தின் உச்சியில் அதனை ஏற்றினர் மெய்கண்டார். அவ்விரண்டனையும் இணைப்பது, உயிர் சிவத்துக்கு உரியது என்னும் உண்மை.

இவ்வாராய்ச்சியாற் பயன் என்னை எனின், கூறுதும். இறைவன்பாற் சென்று தமக்கு வேண்டும் பங்கினைக் கேட்டலே பத்தி என்று பலர் கருதுகின்றனர். செல்வத்திற் பங்கு, நோயின்மையிற் பங்கு, வெற்றியிற் பங்கு என்று கேட்பர். கிடைத்தவழி நேர்ந்துகொண்டதைச் செலுத்துவர். கிடையாதவழிப் பத்தி பயனிலதென்பர். துன்புற்ற உயிர் தன் தந்தையினிடத்து முறையிடுதல் குற்றமன்று. ஆயின் அதனையே பத்தியின் முடிவாகக் கொள்வது அப்பத்தின்பால் வைத்த ஈடுபாட்டையும் பக்தியென்ற பழங்காலத்திற்கு மீண்டுஞ் செல்வதாம். அங்கே பங்கு பெறுபவன் மனிதன். திருமுறையும் சாத்திரமும் காட்டும் பத்தியிலோ பங்கு பெறுபவன் இறைவன். பங்காக ஒப்புவிக்கப்படுவது நாம். மாணிக்கவாசக சுவாமிகள் கோயிற்றிருப்பதிகத்தில், இறைவன் தன்னைத் தந்து தம்மைக் கொண்ட அம்மாற்றத்தில் வல்லவர் யார் என்று வினவியது இந்நிலையினின்றே. அவ்வினாவிற்கு விடை கூறவல்லார்க்குப் பத்தி என்றாலும் அன்பு என்றாலும் ஒன்றே. கூறமாட்டார்க்கு இரு சொல்லும் வெறுஞ் சொல்லே.

நம்பியாரூரரது ஓலை தோன்றியதும் வெண்ணெய்நல்லூர். சிவஞானபோதந் தோன்றியதும் வெண்ணெய்நல்லூர். முன்னது ஒருவர் இறைவனுக்கு உரியர் என்று காட்டிய ஆவணம். பின்னது எவ்வுயிரும் அவனுக்கு உரியது என்று காட்டும் ஆவணம். அதனைப் படிப்பார் தம் கையெழுத்தை அதன்கண் இடுவாராக.